பள்ளி என்றொரு படுக்கை

புதுக்கோட்டை நகரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் பக்கம், சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்தச் சொற்பொழிவுக்கு வேண்டிய சான்று அதே குன்றில் வேறோர் இடத்தில் இருக்கிறது. மேலே ஏறி, மறுபக்கச் சரிவில் பாறையை ஒட்டியே நடந்தால் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் வரும். பெயர் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் பதித்துத்தான் முற்காலத்தில் அங்கே போக முடிந்தது. பெயரும் அதனால் வந்ததுதான்.

உள்ளே 17 கற்படுக்கைகள். ஆள் ஒருவர் நீட்டிப் படுக்கும் அளவு. வழவழவென்று தேய்த்து எடுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் மட்டும் பாறையைக் கொஞ்சம் உயர்த்தி விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அதுதான் தலையணை. உள்ளங்கையை அதன் மேல் வைத்தால், உச்சி வெயிலிலும் கல் குளிர்ந்தே இருக்கும். இருப்பதில் பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமி நாட்டில் பிறந்த காவுதி ஒருவருக்கு இளையர் செய்து கொடுத்த ‘அதிட்டானம்’ என்பது அதன் செய்தி. அதிட்டானம் என்றால் இருக்கை, இருப்பிடம். கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் ஊர் விட்டு ஊர் வந்த ஒரு சமணத் துறவிக்கு உள்ளூர்க்காரர்கள் படுக்கக் கல்லைச் செதுக்கித் தந்திருக்கிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் அங்கே துறவிகள் தங்கினார்கள். திருநீலன், திருப்பூரணன் என்று பிற்காலத்து எழுத்தில் வெட்டிய பெயர்கள் பக்கத்துப் படுக்கைகளில் இருக்கின்றன.

இதே போன்ற படுக்கைகளுக்கு மற்ற இடங்களில் வேறொரு சொல் வருகிறது. மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்தில், நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி ஒரு துறவிக்கு வெட்டுவித்த குகைத்தளத்தைக் கல்வெட்டு ‘பளி’ என்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்ததும் ‘பளி’தான். புள்ளி வைக்காத, இரட்டித்து எழுதாத அந்தக் காலத்து எழுத்தில் ‘பளி’ என்பது இன்றைய ‘பள்ளி’.

இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நெருங்கி வரும் சொல் ஒன்று உண்டு. அது புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் எவருக்கும் தெரிந்த சொல்தான். பழனியிலும் திருச்செந்தூரிலும் விடுதிப் பலகைகளில் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பார்கள்: டார்மிட்டரி.

லத்தீன் மொழியில் ‘டார்மீரே’ என்றால் தூங்குதல். தூங்கும் இடம் ‘டார்மிடோரியம்’. மடத்துத் துறவிகள் சேர்ந்து படுத்த கூடத்துக்கு அந்தப் பெயர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பெனடிக்ட் முனிவர் தம் மடத்தாருக்கு எழுதிய ஒழுங்கு நூலில் 22-ஆம் அதிகாரம் முழுக்கத் தூக்கத்தைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படுக்கை. முடிந்தவரை எல்லாரும் ஒரே கூடத்தில். விடியும் வரை ஒரு விளக்கு எரிய வேண்டும். உடுத்திய உடையோடு, இடைக்கச்சையோடு படுக்க வேண்டும். தூக்கத்தில் வெட்டிக்கொள்ளாதபடி இடுப்புக் கத்தியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மணி அடித்ததும் உடனே எழுந்து தொழுகைக்குப் போவதற்காகவே இவ்வளவு ஏற்பாடும். சித்தன்னவாசலில் நின்றுகொண்டு இதைப் படித்தால், இரண்டு உலகங்களுக்கும் நடுவில் கடல் இருப்பதே மறந்துபோகும்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆங்கிலச் சொல் எங்கே போயிற்று? மடத்திலிருந்து மாணவர் விடுதிக்கு வந்தது. அமெரிக்காவில் ‘டார்ம்’ என்று குறுகியது. வேலைக்குப் போனவர்கள் இரவில் திரும்பி வந்து படுக்க மட்டுமே பயன்படும் புறநகரை ‘டார்மிட்டரி டவுன்’ என்றார்கள். அதன் உடன்பிறப்பான ‘டார்மன்ட்’ என்ற சொல் வெடிக்காமல் கிடக்கும் எரிமலைக்கும், நடமாட்டம் நின்றுபோன வங்கிக் கணக்குக்கும் ஆகி வந்தது. இவ்வளவு சுற்றியும் அது தூக்கத்தை விட்டு நகரவே இல்லை. தமிழின் பள்ளி அப்படியில்லை. அந்தக் கதைக்கு வருமுன், தூக்கத்தைச் சொல்லும் மற்றச் சொற்களைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘ஸ்லீப்’. ஜெர்மன் மொழியின் ‘ஷ்லாஃப்’ அதற்கு நேர் உறவு. பள்ளிப் பிள்ளைக்கு ஸ்லீப் என்றால் தூக்கம் என்று சொல்லிக் கொடுத்து முடித்துவிடுகிறோம். பிறகு அவன் பெரியவனாகி மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுகிறான். ஆங்கிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் கால் ‘ஸ்லீப்’புக்குப் போகும். தமிழில் கால் தூங்காது, மரத்துப்போகும். உடம்பின் ஒரு பகுதி உணர்ச்சி இழந்ததை ஆங்கிலம் உறக்கமாகக் கண்டது. தமிழ் மரமாகக் கண்டது. ஒரு வீடு ஆறு பேரை ‘ஸ்லீப்’ செய்யும் என்று ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். இங்கே தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படுத்தவனுக்குத் தூக்கம் வருமா என்பது அவன் பாடு.

புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல், திருச்சியிலிருந்து. ரயிலோடு இன்னொரு ஆங்கிலச் சொல்லும் வந்து இறங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைக்கு ஆங்கிலேயர் ‘ஸ்லீப்பர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நெடுக்கக் கிடக்கும் உத்தரத்துக்கு அந்த மொழியில் முன்பே இருந்த பெயர் அது. பாதையில் வேலை பார்த்த நம் ஆட்கள் அதை ‘சிலீப்பர் கட்டை’ ஆக்கிக்கொண்டார்கள். வேற்றுமொழிச் சொல்லோடு தமிழ்ச் சொல்லைச் சேர்த்து, கேட்டவுடன் பொருள் விளங்கும்படி செய்துவிட்ட அந்தக் கூலிக்காரர்களின் மொழியறிவு பாராட்டத் தகுந்தது. மரக்கட்டை போய்ச் சிமென்ட்டில் வார்த்தது வந்த பிறகும் அவர்களுக்கு அது கட்டைதான். அதே ரயிலில், மேலே பெட்டிக்குள்ளே, இன்னொரு ‘சிலீப்பர்’ உண்டு: படுக்கை வசதி உள்ள பெட்டி. அடியில் கிடப்பதற்கும் மேலே படுப்பதற்கும் ஒரே சொல்.

சரி, நம்முடைய ‘தூக்கம்’ எங்கிருந்து வந்தது? ‘தூங்கு’ என்பதற்கு முதல் பொருள் உறங்குவது இல்லை, தொங்குவது, அசைவது. சங்கப் பாடல்களில் ஒரு சோழன் தூங்கெயில் எறிந்தவன் என்று புகழப்படுகிறான். வானத்தில் தொங்கிய கோட்டையை அழித்தவன் என்று பொருள். கிளையில் கூடு கட்டித் தொங்கவிடும் குருவி தூக்கணாங்குருவி. கையில் தொங்கும் பாத்திரம் தூக்குவாளி. யாப்பிலக்கணத்தில் வஞ்சிப்பாவுக்குரிய ஓசை தூங்கலோசை; அது அசைந்து அசைந்து நடக்கும் ஓசை. தூக்கம் வரவழைக்கும் ஓசை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கன்னடத்தில் ‘தூகு’ என்றால் ஆட்டுவது, எடை போடுவது. மலையாளத்தில் இன்றும் தூங்குவது தொங்குவதுதான். அங்கே போய் ‘ராத்திரி நல்லாத் தூங்கினேன்’ என்று சொல்லும் தமிழரைப் பார்த்துக் கேட்பவர் திகைப்பதற்கு அதுவே காரணம். நம் தூக்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் உறக்கம்.

தொங்குவது எப்படி உறங்குவது ஆயிற்று? உட்கார்ந்தபடியே கண் செருகுகிறவரின் தலை முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ‘தூங்கி வழியிறான்’ என்ற பேச்சு வழக்கில் அந்த ஆட்டமும் சரிவும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு காட்சியும் உண்டு. ஆலங்குடிப் பக்கமோ கீரனூர்ப் பக்கமோ கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள். வேப்ப மரக் கிளையில் பழைய நூல் சேலையைக் கட்டித் தூளி போட்டிருப்பார்கள். சேலையின் இரண்டு முனையும் கிளையில் முடிச்சிட்டிருக்கும். நடுவில் குழந்தையின் கனத்துக்குச் சேலை பை போலத் தாழ்ந்திருக்கும். வயதான பெண் ஒருவர் ஒரு கையால் அதை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். குழந்தை தொங்குகிறது, ஆடுகிறது, உறங்குகிறது. ‘தூங்கு’ என்ற வினையின் மூன்று பொருளும் அந்த ஒரு சேலைக்குள் இருக்கின்றன. அகராதி பல வரிகளில் எழுதுவதை அந்தக் கிளை ஒரே பார்வையில் காட்டிவிடும்.

குழந்தைக்கு மட்டும் தமிழில் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கண்வளர்தல். கண் மூடுவதை வளர்வது என்று சொல்ல ஒரு தாய்க்குத்தான் தோன்றும். குழந்தைக்கு வைத்த சொல்லையே தெய்வத்துக்கும் வைத்தார்கள். அது தவிர கண்ணயர்தல் உண்டு, கண் சொக்குதல் உண்டு, ‘செத்த சாஞ்சுக்கிறேன்’ உண்டு, கோழித் தூக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதை ஸ்பெயின்காரர்கள் ‘சியெஸ்டா’ என்கிறார்கள். ஆறாம் மணி என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. விடியலிலிருந்து ஆறாவது மணி, அதாவது நடுப்பகல். நாம் கடிகாரத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து உண்ட மயக்கம் என்றோம். தெற்கே போகப் போக ‘ஒறக்கம்’ காதில் விழும். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளை கூட ‘நித்திரை வருது’ என்றுதான் சொல்லும்; இங்கே ஏட்டில் இருக்கும் சொல் அங்கே பாயில் இருக்கிறது.

உறக்கத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘செமட்ரி’, கல்லறைத் தோட்டம், கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்ற பொருளில் பிறந்த சொல். கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை எழுப்புதலுக்காகக் காத்து உறங்குபவர்களாகக் கண்டார்கள். புதுக்கோட்டைத் தெருச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று படிக்கிறோமே, அந்த வழக்கு அப்படி வந்தது. ஆனால் தமிழுக்கு அது புதிதில்லை. துஞ்சுதல் என்றால் உறங்குதல், இறத்தலும் அதுவே. செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதை மங்கல வழக்கு என்று இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. சங்க கால அரசர்கள் சிலரை வேறுபடுத்திக் காட்டுவதே அவர்கள் துஞ்சிய இடத்தை வைத்துத்தான்: சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன்.

பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் இந்த வழக்குத் தொடர்ந்தது. சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர். போர்க்களத்தின் இரைச்சலுக்கு நடுவில், அம்பு பாய்ந்து சாய்ந்தவனைத் தூங்கினான் என்று எழுதினார்கள். சுந்தர சோழன் காலத்தில் அவனுக்காக இலங்கைக்குப் படை நடத்திச் சென்று அங்கே இறந்தவர் நம் மாவட்டத்துக் கொடும்பாளூரின் சிறிய வேளார். அவரைக் குறிக்கும்போது ‘ஈழத்துப் பட்ட’ என்கிறது கல்வெட்டு. அரசனுக்குத் துஞ்சல், படைத்தலைவனுக்குப் படுதல். சாவிலும் சொல்லைத் தரம் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

மீண்டும் பள்ளிக்கு வரலாம்.

பள்ளி என்ற சொல்லுக்கு முதலில் ஊர், இருப்பிடம் என்ற பொருளா, படுக்கை என்ற பொருளா என்பதில் அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. தெலுங்கில் ‘பல்லெ’யும் கன்னடத்தில் ‘ஹள்ளி’யும் சிற்றூரைக் குறிக்கின்றன, திருச்சிராப்பள்ளி போல நம் ஊர்ப் பெயர்களிலும் அது ஒட்டியிருக்கிறது. எது முந்தியதாக இருந்தாலும், 1924-க்கும் 1936-க்கும் இடையே வெளியான சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் ஊர், படுக்கை, உறக்கம், துறவியர் இருப்பிடம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குக் கீழே இருக்கும். சமணத் துறவிகள் படுத்த இடத்தில் பகலில் பாடம் நடந்தது. கேட்க வந்தவர்களுக்கு அதுவே கல்விக்கூடம் ஆயிற்று. அப்படித்தான் பள்ளிக்கூடம் என்ற சொல் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. பள்ளிகளுக்கு மன்னர்கள் விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். இன்றைக்கு அறக்கட்டளை என்கிறோமே, அந்த வகையான ஏற்பாடுதான் அதுவும்.

ஆங்கிலத்தின் ‘ஸ்கூல்’ இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சொல். கிரேக்கத்தில் ‘ஸ்கோலே’ என்றால் ஓய்வு. வேலையிலிருந்து விடுபட்ட நேரத்தில்தான் படிக்க முடியும் என்று அவர்கள் கண்டார்கள். நாம் படுக்கைக்குப் பக்கத்தில் படிப்பைக் கண்டோம். புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையின் ஓரத்தில் சரிவாக ஒரு மேடு கட்டியிருப்பார்கள், தலை வைக்க. வழிப்போக்கர் இரவில் அதில் தலை சாய்ப்பார். பகலில் அதே மாதிரித் திண்ணையில்தான் வாத்தியார் மணலைப் பரப்பி அரிச்சுவடி எழுத வைத்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் அந்தச் சுண்ணாம்புத் தலையணைக்கும் ஏழடிப்பட்டத்துக் கல் தலையணைக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு. வடிவம் மாறவில்லை.

பள்ளியின் பயணம் அதோடு நிற்கவில்லை. புதுக்கோட்டைக்குத் தெற்கே திருமயம். கோட்டை நிற்கும் அதே பாறையின் சரிவில், குடைந்த கோயிலுக்குள், திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். மாவட்டத்தின் இன்னொரு பக்கம் மலையடிப்பட்டியிலும் குடைவரையில் ஒரு பள்ளிகொண்ட பெருமாள். கால்மாட்டில் அசுரர், தலைக்கு மேல் பாம்பின் படம், சுற்றிலும் தேவர். நடுவில் அந்த முகம் மட்டும் அசைவற்று இருக்கிறது. அது தூக்கமா என்றால், அதற்கு அறிதுயில் என்று பெயர்: உறங்குவது போல இருந்து எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருப்பது. ‘ஸ்லீப்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் எத்தனை அடைமொழி கட்டினாலும் இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகக் கொண்டுவர முடியாது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘யோக நித்திரை’ என்ற வடசொல்லை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சிவன் கோயில்களில் இரவு நடை சாத்துமுன் இறைவன் பள்ளியறைக்குப் போகிறார். காலையில் பள்ளியெழுச்சி.

திருமயம் வட்டாரத்திலேயே காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. மாவட்டத்தின் கடற்கரைக்குப் போனால் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் தொழுகைக்கு அழைக்கும் இடம் பள்ளிவாசல். கேரளத்தில் கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக்கும் பள்ளி என்றே பெயர். சமணருக்குக் கல்லில் வெட்டிய படுக்கையின் பெயரை வைணவர் தம் பெருமாளுக்கும், சைவர் தம் கோயிலின் உள்ளறைக்கும், இஸ்லாமியர் தம் தொழுகை இடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை; யாரும் தடுக்கவும் இல்லை. சித்தன்னவாசலில் தொடங்கித் திருமயம் வழியாகக் கடற்கரை வரை ஒரே நாளில் பேருந்தில் போய் வந்துவிடலாம். அந்த ஒரு நாளில் இந்தச் சொல் எடுத்த உருவங்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடலாம். டார்மிட்டரிக்கு இப்படி ஒரு வழித்தடம் வாய்க்கவில்லை.

இதைச் சொல்வது ஆங்கிலத்தைக் குறைத்துக் காட்ட அல்ல. கல்லறையைத் தூங்குமிடம் என்றும், கல்விக்கூடத்தை ஓய்வு என்றும் அழைக்கும் சொற்களைக் கிரேக்கத்திலிருந்து வாங்கித் தனதாக்கிக்கொண்ட மொழி அது. அந்தச் சொற்களின் பிறப்பை ஒவ்வொன்றாகத் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்தப் பொருளில் யார் ஆண்டார் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம்மிடம் சொல் இருக்கிறது. தேடி எழுதும் வேலைதான் பாதியில் நிற்கிறது. கோழித் தூக்கத்தைப் போல, ‘செத்த சாஞ்சுக்கிறேன்’ போல, வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் பெரிய அகராதிகளின் கையில் அவ்வளவாக அகப்படவில்லை. அவை பாட்டிகளின் நாவில் இருக்கின்றன. பிள்ளைகள் இப்போது ‘ஸ்லீப்பியா இருக்கு’ என்கிறார்கள். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் கண் சொக்குவதும் கண்ணயர்வதும் அசந்து போவதும் வேறு வேறு நிலை என்பதை அந்த ஒரு சொல்லால் காட்ட முடியாது.

ஆகவே மாவட்டத்துத் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலிருக்கும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, தூக்கத்தைக் குறிக்க அவர்கள் சொல்லும் சொற்களை எல்லாம், சொல்லும் வாக்கியத்தோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். விராலிமலைக்காரர் சொல்வதும் மணமேல்குடிக்காரர் சொல்வதும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதட்டும். பிறகு அந்தப் பிள்ளைகளை ஏழடிப்பட்டத்துக்கு அழைத்துப் போய், கல்லில் பெயர் கீறாமல், அந்தப் படுக்கைகளின் பக்கத்தில் நின்று, பள்ளி என்றால் என்ன என்று அங்கே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.